லுட்கார்ட் வாய் திறக்காத நாள்

லுட்கார்டுக்கு அறுபத்திரண்டு வயது. ஆல்ஸ்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் முப்பத்தைந்து வருடம் சைக்கிளில் தபால் கொடுத்தவள். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரர் கடிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மகன் எட்டு வயதில் சாரணர் குழுவில் சேர்ந்தபோது, கோடை முகாமில் சமைக்க ஆள் இல்லை என்றார்கள். போனாள். இரண்டே வருடத்தில் மகன் கால்பந்து ஆடப் போய்விட்டான். அம்மா மட்டும் கரண்டியோடு அங்கேயே தங்கிவிட்டாள். அதற்கு இப்போது இருபத்திரண்டு வருடம்.

ஒவ்வொரு ஜூலையிலும் பத்து நாள், ஆர்டென் மலைப்பக்கம் யாராவது ஒரு விவசாயியின் புல்வெளியில் முகாம். எழுபது பிள்ளைகள். மேசை, பெஞ்சு, அடுப்பு மேடை, கக்கூஸ் எல்லாவற்றையும் கம்பும் கயிறும் வைத்துப் பிள்ளைகளே கட்டுவார்கள். முதல் நாள் கட்டிய மேசை இரண்டாம் நாள் சரிந்தால் லுட்கார்டின் குரல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை போகும்.

"முடிச்சாடா இது? என் ஷூ லேஸ் கூட இதவிட ஒழுங்கா நிக்கும்!"

திட்டு வாங்கியவன்தான் சாப்பாட்டு வரிசையில் முதல் ஆளாக நிற்பான். அவளுக்குப் பயந்தவர்கள் என்று அங்கே யாரும் கிடையாது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பன்னிரண்டு வயது ஆன பிள்ளைக்கு முகாமில் ஒரு விலங்கின் பெயர் வைப்பார்கள். ஏற்கெனவே பெயர் வாங்கியவர்கள் வட்டமாக உட்கார்ந்து, இந்தப் பிள்ளை எதற்குக் கோபப்படும், எதற்குச் சிரிக்கும், எப்போது விட்டுக்கொடுக்கும் என்று மணிக்கணக்கில் பேசித்தான் ஒரு பெயரை முடிவு செய்வார்கள். அதை வாங்க ஒரு சோதனை: காலையில் கொடி ஏறியதிலிருந்து மாலையில் இறங்கும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் அடுத்த வருடம்தான். பெயர் இல்லாதவர்கள் அந்த வட்டத்தில் உட்காரவும் கூடாது.

லுட்கார்டுக்குப் பெயர் இல்லை. அது யாருக்கும் தெரியாது. குழுத் தலைவர்கள் எல்லோரும் இருபத்து மூன்று வயதில் விலகிப்போகிற இளவட்டங்கள். வந்த ஒவ்வொரு கூட்டமும், இவளுக்கு முந்தின கூட்டம் வைத்திருக்கும் என்று நினைத்தது. வட்டம் கூடும்போது அவள் சமையல் கூடாரத்தில் இருந்தாள். பாவம், வேலை இருக்கிறது என்று நினைத்தார்கள். அவளோ கழுவின அண்டாவையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள். வாய் கிழியப் பேசுகிறவளுக்கு இதை மட்டும் கேட்க வாய் வரவில்லை. கேட்டு வாங்கினால் அது பெயரா?

விஷயம் ஜனவரியில்தான் வெளியே வந்தது. குழுத் தலைவன் லாண்டர் பழைய பெயர்களை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

"அக்கா, உங்க பேரு எந்த வருஷம் வெச்சது?"

"எனக்கு யாருடா வெச்சா?"

லாண்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். காது வரை சிவந்துவிட்டது. இந்த ஜூலையில் வைத்தே தீருவது என்று அன்றைக்கே முடிவாயிற்று. அவளுக்கும் அதுதான் கடைசி வாய்ப்பு. முட்டி தேய்ந்துவிட்டது, இந்த முகாமோடு சரி என்று மே மாதமே ஊரெல்லாம் சொல்லியிருந்தாள்.

முகாமின் எட்டாம் நாள் காலை கொடி ஏறியது. அன்றைக்கு வாய் மூட வேண்டியவர்கள் இரண்டு பேர். ஒருத்தி லுட்கார்ட். இன்னொருத்தி பதின்மூன்று வயது நோர். போன வருடம் தேனீயை மிதித்து "ஐயோ" என்று ஒரே ஒரு சொல் சொன்னதற்கு ஒரு வருடம் காத்திருந்த பெண்.

லுட்கார்டோடு சமைக்கிற பெர்னாண்ட், தரைக்கு டைல்ஸ் பதிக்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சிறு வயதில் இதே குழுவில் பெயர் வாங்கி, ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடம் முன்புதான் சமையலுக்குத் திரும்பி வந்தவர். காலையிலிருந்தே அவருக்குக் கொண்டாட்டம்.

"லுட், சூப்புல சர்க்கரைதானே போடணும்? பதிலே காணோமே. சரி, ஒரு கிலோ போடறேன்."

அவள் கரண்டியை ஓங்கினாள். அவர் சிரித்துக்கொண்டே உப்பைப் போட்டார். இந்தக் கூடாரத்தில் இவ்வளவு அமைதியான மதியம் பார்த்ததில்லை என்று வேறு சொன்னார். அவளுக்கு நெஞ்சுக்குள் வார்த்தைகள் பொங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் அடக்கினாள்.

மாலைச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வறுவல். நாற்பது கிலோ. நறுக்கிக் கழுவி, பழைய படுக்கை விரிப்புகளில் போட்டு ஒட்ட ஈரம் துடைத்து, அப்புறம்தான் கொதிக்கிற மாட்டுக் கொழுப்பில் போட வேண்டும். பெர்னாண்ட் ரொட்டி எடுக்கப் போயிருந்தார். கொடி இறங்க இன்னும் ஒரு மணி நேரம்தான். கூடாரத்தின் ஒரு மூலையில் லுட்கார்ட் விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மறு மூலையில் அடுப்பு. அப்போது உதவி செய்கிற நல்லெண்ணத்தோடு லாண்டர் வந்தான். கழுவிய கூடை ஒன்றைத் தூக்கினான். தண்ணீர் சொட்டச் சொட்ட அடுப்பை நோக்கி நடந்தான்.

அவள் விரிப்பை வீசி வீசிக் காட்டினாள். காலால் தரையை உதைத்தாள். அவசரப்படுத்துகிறாள் என்று நினைத்து, அவன் சிரித்தபடி வேகமாக நடந்தான். முட்டி இருக்கிற லட்சணத்துக்கு ஓடிப் பிடிக்க முடியாது. கூடை சட்டிக்கு மேலே சாய்ந்தது.

"போடாதேடா! ஈரம்டா! லாண்டர், நில்லு!"

ஒரே ஒரு துண்டு மட்டும் உள்ளே விழுந்தது. அதற்கே கொழுப்பு சீறி அவன் தொப்பி வரை தெறித்தது. அவன் கூடையோடு பின்னால் போய் விழுந்தான். முகத்தில் ஒரு பொட்டுக்கூடப் படவில்லை. வெளியே எழுபது பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

லாண்டர் எழுந்து தொப்பியைக் கழற்றினான். "அக்கா... நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"ஆத்துல இருக்கிற மீனுக்கே கேட்டாச்சு. நீ யார்கிட்டடா மறைக்கப் போறே?"

பெயர் வாங்கியவர்கள் அவசரமாகக் கூடினார்கள். இது கணக்கில் வராது, உயிரைக் காப்பாற்றினாள் என்று ஒரே குரலில் முடிவு செய்து, லாண்டரையே சொல்ல அனுப்பினார்கள். லுட்கார்ட் அவனை முடிக்க விடவில்லை.

"நோர் ஒரு வார்த்தை பேசினா. ஒரு வருஷம் நிறுத்தி வெச்சீங்க. நான் நாலு வார்த்தை பேசியிருக்கேன். அவளுக்கு ஒரு வருஷம், எனக்கு மன்னிப்பா? அந்தப் பிள்ளை மூஞ்சிய நான் எப்படிடா பாக்கிறது?"

"உங்களுக்கு இது கடைசி முகாமாச்சே அக்கா!"

"தெரியும். போ. வறுவல் ஆறுது."

சாப்பாடு முடிந்தது. வெயில் இன்னும் இருந்தது. வட்டம் கூடியது. நோர் ஒரு வார்த்தை பேசாமல் நாளை முடித்திருந்தாள். பெயர் இல்லாதவர்கள் வழக்கம்போல் விலகி நடந்தார்கள். லுட்கார்டும் நடந்தாள். சமையல் கூடாரத்தில் போய் உட்கார்ந்தவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். அவளைப் பற்றி உட்கார்ந்து பேசி ஒரு பெயரைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, அவளுக்கு இல்லை.

பெர்னாண்ட் உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ வட்டத்துக்குப் போகலியா?" என்றாள்.

"நான் பாக்காத வட்டமா? லுட், உனக்கு என்ன பேரு வெச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரியும். காதுல சொல்லட்டுமா?"

"சொன்னே, கரண்டி வளைஞ்சிடும். அத அவங்க வாயால நான் கேக்கணும்."

வெளியே நோருக்காகக் கைதட்டல் எழுந்தது. லுட்கார்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே தட்டினாள்.

"முட்டி?" என்றார் பெர்னாண்ட்.

"ஆபரேஷன் பண்ணிக்கறேன். உன்னத் தோள்ல தூக்கிட்டு வரச் சொல்றேன். என்னமோ பண்றேன்" என்றாள் லுட்கார்ட். "பேரு வாங்காம இந்தக் கூட்டத்த விட்டு நான் போறதா இல்ல."