நடுப்படகில் நின்றவள்

இது எனக்கே நடந்தது. குடித்திருந்தாயா என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... துடுப்பைப் பிடிக்கிற நாளில் காப்பியைத் தவிர நான் எதையும் தொடுவதில்லை. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் டுல்லியோ. வெனிஸ்காரன். பெரிய கால்வாயில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வரும் படகில் வேலை. முன்னால் எத்தோரே, பின்னால் நான். ஏறினால் இரண்டே நிமிடத்தில் இறங்கிவிடலாம். எங்கள் ஊர்க்காரர்கள் அதில் உட்கார மாட்டார்கள். கையில் மீன் பையும் கக்கத்தில் செய்தித்தாளுமாக, அலை அடித்தாலும் நின்றபடியேதான் வருவார்கள். இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள்தான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். நின்றால் நம்மவர், உட்கார்ந்தால் வெளியூர். விசாரிக்கவே வேண்டாம்.

முன்பெல்லாம் படகு நிறைய நிற்பார்கள். இப்போது ஒரு நாள் முழுக்கத் துடுப்புப் போட்டாலும் நிற்கிற ஆள் நாலு பேர் தேறினால் அதிகம். எல்லோரையும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஒரு மாதத்துக்குக் கொடுக்கிற வாடகையை வாரக் கடைசிக்கு வருகிறவன் இரண்டு ராத்திரிக்குக் கொடுத்துவிட்டுப் போகிறான். வீட்டுக்காரர் யாரை வைத்துக்கொள்வார்? வயிறு எரிகிறது. எரிந்து என்ன செய்ய, எனக்குச் சோறு போடுவதும் அந்த உட்கார்ந்து வருகிறவர்கள்தான்.

எங்கள் கட்டடத்தில் முதலில் போனவள் மாடி வீட்டு நெரினா அத்தை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்த வீடுதான். போன வசந்தத்தில் அவளை அனுப்பிவிட்டார்கள். ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம், மெஸ்த்ரேயில் தங்கை மகன் சாந்த்ரோ வீட்டுக்குப் போனாள். போகிறபோது சாவியை மட்டும் தரவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். சிவப்புக் கம்பளி நூல் கட்டிய பழைய சாவி. "நீயே வச்சுக்கோ பாட்டி" என்று சிரித்தார் வீட்டுக்காரர். அன்றைக்கே பூட்டை மாற்றிவிட்டார். கதவுக்குப் பக்கத்தில் எண் அழுத்தித் திறக்கிற சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி, புதுச் சாவியை அதற்குள் போட்டுவைத்தார்.

அடுத்தது கீழ் வீடு. அதாவது நான். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார். என் மனைவி ஜில்டா பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். நான் ஒரு கரண்டியைக்கூட எடுத்து வைக்கவில்லை. பிறந்த ஊரை விட்டு நான் ஏன் போக வேண்டும்?

நவம்பர் மாதம். சனிக்கிழமை. மாலை ஐந்தே முக்கால்.

மதியத்திலிருந்தே மூடுபனி. எதிர்க்கரை விளக்குகூடத் தெரியவில்லை.

"இதுதான்டா கடைசி நடை," என்றான் எத்தோரே. "இதுக்கு மேல போனோம், மோட்டார் படகுக்காரன் நம்ம தலைமேலயே ஏத்திருவான்."

நாலு பேர் ஏறினார்கள். வயதான இருவர். ஹாலந்திலிருந்து வந்த ஓர் இளம் ஜோடி, இழுத்துப் போகிற பெட்டியோடு. அந்தப் பெண்ணின் பெயர் மாரிக்கே என்று பிறகு தெரிந்தது. கைபேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். ஒரு முகவரி. எங்கள் சந்து, எங்கள் கட்டடம், மாடி வீடு.

"பக்கம்தானா?"

"பக்கம்தான்," என்றேன். வேறு என்ன சொல்ல?

கரையை விட்டு நகர்ந்தோம். அப்போதுதான் பார்த்தேன்... நடுப்படகில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். பச்சைக் கோட்டு. காலடியில் கட்டம் போட்ட சக்கரப் பை.

நெரினா அத்தை!

எனக்கு ஒரே சந்தோஷம். நிற்கிறாளே, நம்ம ஆள் வந்துவிட்டாள் என்று அதிலேயே பூரித்துப் போய்விட்டேன். அவள் ஏறியதை நான் பார்க்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. இன்னொன்றும் உறைக்கவில்லை. நடுவில் ஓர் ஆள் நின்றால் அந்தக் கனம் துடுப்பில் தெரியும். அன்று தெரியவில்லை.

"அத்தே! இந்தப் பனியில எங்க கிளம்பி வந்தீங்க? சாந்த்ரோ கூட வரலியா?"

அவள் திரும்பவில்லை.

"நம்ம வீட்டுல இப்ப யாரு இருக்கா, டுல்லியோ?"

அவள் குரல்தான். ஆனால் அது நடுப்படகிலிருந்து வரவில்லை... என் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"இன்னிக்கு... இவங்க," என்று அந்த ஜோடியைக் காட்டினேன்.

மாரிக்கே என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கோட்டை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.

"சரி. இவங்க கூடவே போயிடறேன். பாவம், வழி தெரியாம அலைவாங்க."

நான் துடுப்பை ஒரு தரம் இழுத்துப் போட்டேன்.

"நீ போயிடாத, டுல்லியோ. போனா இப்படித்தான் திரும்பி வரணும்."

எங்கிருந்தோ ஒரு பெரிய அலை வந்தது. படகைத் தூக்கிப் போட்டது. உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஆடினார்கள். நானும் ஆடினேன்.

அவள் ஆடவில்லை.

அந்தச் சக்கரப் பையும் ஆடவில்லை...

கரை வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஜோடிக்குப் பின்னால் அவளும் போனாள். கர்... கர்... கர்... கல் தரையில் சக்கரச் சத்தம். பிறகு அதுவும் பனிக்குள் போய்விட்டது.

"யாருகிட்டடா பேசிட்டே வந்த?" என்றான் எத்தோரே.

"நெரினா அத்தைகிட்ட."

"எங்க?"

"உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? நடுவுல நின்னாங்களே!"

எத்தோரே கயிற்றைக் கட்டியபடியே சிரித்தான். "நாலு பேருடா. நாலு பேரும் உட்கார்ந்துதான் வந்தாங்க. ஊருல நிக்கறதுக்கு ஆள் இல்லேன்னு நீயே செஞ்சு நிறுத்திக்கறியா?"

நான் துடுப்பை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏழு மணி இருக்கும். நானும் ஜில்டாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

டக்... டக்... டக்...

படிக்கட்டில் ஒரு சக்கரப் பை ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படியாக.

பிறகு மாடியில் கதவு திறக்கிற சத்தம். பேச்சுக் குரல்கள். பிறகு... க்ர்ர்ர்க்.

ஜில்டா கரண்டியைக் கீழே வைத்தாள். எங்கள் இருவருக்கும் தெரிந்த சத்தம் அது. தினமும் இதே நேரத்துக்கு நெரினா அத்தை தன் மர நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுவாள்.

"அந்த நாற்காலியத்தான் அப்பவே தூக்கிப் போட்டாங்களே..." என்றாள் ஜில்டா.

காலையில் எங்கள் கதவு தட்டப்பட்டது. வாசலில் அந்த ஜோடி, பெட்டியோடு. மாரிக்கேயின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாங்க கிளம்பறோம். இன்னிக்கு ராத்திரிக்கும் பணம் கட்டியாச்சு. பரவால்ல, வேண்டாம்."

"என்ன ஆச்சு?"

"வெளியில சாப்பிட்டுட்டு வந்தோம். சாவிப் பெட்டி திறக்கவே இல்ல. பின்னாடியே ஒரு வயசான அம்மா ஏறி வந்து, அவங்க சாவியால திறந்துவிட்டாங்க. நன்றி சொன்னோம். அவங்களும் உள்ள வந்தாங்க. ஜன்னல்கிட்ட உட்கார்ந்தாங்க. அப்புறம் போகவே இல்ல..."

"ராத்திரி பூராவுமா?"

"விளக்கைப் போட்டா இல்ல." அவள் மாடிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். "அணைச்சா... இருக்காங்க."

நான் மாடிக்கு ஓடினேன். கதவு விரியத் திறந்து கிடந்தது. புதுப் பூட்டு. அதன் உட்பக்கம் ஒரு பழைய சாவி.

சிவப்புக் கம்பளி நூல்.

நூலில் ஈர மண்.

சாந்த்ரோவைப் போனில் பிடித்தேன். பயத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"ஏன்டா, வயசானவங்கள இந்தப் பனியில தனியா விடுவியா?"

"அண்ணே... உங்களுக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன். பெரியம்மா செவ்வாய்க்கிழமை போயிட்டாங்க. வியாழக்கிழமை இங்கயே அடக்கம் பண்ணிட்டோம்."

பூட்டில் இருந்த சாவியைப் பார்த்தேன்.

"சாந்த்ரோ... அவங்க சாவி?"

"உங்களுக்கு யாருண்ணே சொன்னா? கையில இறுக்கிப் பிடிச்சிருந்தாங்க. விரலைப் பிரிக்கவே முடியல. அப்படியே வச்சுப் புதைச்சுட்டோம்."

வீட்டுக்காரர் அந்தச் சாவியைப் பிடுங்கி என் கண்ணெதிரே கால்வாயில் எறிந்தார். வேறு ஆட்களை அனுப்பிப் பார்த்தார். ஒருவரும் இரண்டாவது ராத்திரி தங்கவில்லை. மாடி வீடு இன்று வரைக்கும் காலி. உயிரோடு இருந்தவளை வெளியே அனுப்ப ஒரு கடிதம் போதுமாயிருந்தது அவருக்கு. இப்போது யாருக்குக் கடிதம் போடுவார்?

எனக்கு மட்டும் இரக்கம் காட்டினாரா என்றால், அதுவும் இல்லை. மாதக் கடைசியில் நாங்களும் மெஸ்த்ரேக்கு வந்துவிட்டோம். ஐந்தாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பஸ் நிலையம். தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வருவதில்லை. நெஞ்சில் ஒரு வலி வந்து வந்து போகிறது. ஜில்டா டாக்டரிடம் போகச் சொல்கிறாள்.

என் வீட்டுச் சாவியை நான் கொடுக்கவில்லை. தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். தலையணைக்கு அடியில் இருக்கிறது.

நேற்று எத்தோரே போன் செய்தான். எங்கள் வீட்டுப் பூட்டையும் மாற்றிவிட்டார்களாம்.

மாற்றட்டும்.