நாத்தனார் சொன்ன காய்

அகராதி அலுவலகத்தில் அவளை எல்லோரும் அட்டைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சொல்லையும் பொருளையும் அட்டையில் எழுதி அகரவரிசையில் அடுக்குவது அவள் வேலை. பத்தொன்பது வருஷம் மற்றவர்கள் சொன்னதையே எழுதியவளிடம், ஆசிரியர் முதல் தடவையாக ஒரு சொல்லை ஒப்படைத்தார்: காய்.

மூன்று வாரம் புத்தகங்களைப் புரட்டினாள். சமைப்பது, பழுக்காதது, ஆட்டத்தில் நகர்த்துவது, ஈரம் போவது, நிலா ஒளிவீசுவது என இப்படி மொத்தம் ஏழு பொருள் தேறியது.

அன்றைக்கு அவள் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டை நாத்தனார் கொண்டுவந்தாள். கணவரின் தங்கை, சந்தையில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். மேஜைமேல் இருந்த அட்டைகளை எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தாள்.

"இவ்வளவுதானா அண்ணி? பிள்ளைங்க சண்டை போட்டா காய் விடுமே, அது எங்க? தராசு பிடிச்சுப் பிடிச்சு என் கை காய்ச்சுக் கிடக்கே, அது? பசியில வயிறு காயுதே, அது?"

பக்கத்து அறையிலிருந்து ஆசிரியர் எழுந்தே வந்துவிட்டார். "உட்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அட்டைக்காரிக்கு அவர் ஒருநாளும் நாற்காலி இழுத்துப் போட்டதில்லை.

நாத்தனார் சொல்லச் சொல்ல அவள்தான் எழுத வேண்டியிருந்தது. ஐந்து அட்டை.

"இப்ப அண்ணி என்மேல காயறாங்க பாருங்க, அதுவும் இதே காய்தானே?"

ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அட்டைக்காரியின் காது சூடானது. சாயங்காலம் அந்த ஐந்தையும் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வாரம் ஆசிரியர் கேட்டார். "அந்த அஞ்சு அட்டை எங்கம்மா?"

"காணோம் சார். எங்கயோ கலந்துபோச்சு." பொய் இவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே ஆச்சரியம்.

"அதனால என்ன? உங்க நாத்தனாரையே இன்னொரு தடவை வரச் சொல்லுங்க."

வந்தாள். இந்தத் தடவை எட்டு சொன்னாள்.

புத்தகம் வெளிவந்தபோது நன்றிப் பக்கத்தில் நாத்தனார் பெயர் இருந்தது. அட்டைக்காரி ஒரு பிரதியைச் சந்தைக்கே எடுத்துப்போய்க் கொடுத்தாள்.

"பொடி எழுத்தா இருக்கு. நீங்களே படிங்க அண்ணி, பக்கத்துக் கடைக்கும் கேக்கட்டும்."

படித்தாள். வயிறு எரிய எரிய, ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"உங்க பேரு எங்க?"

"வேலை பாக்கிறவங்க பேரைப் போட மாட்டாங்க."

"இது என்ன அநியாயம்?" நாத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பரிவுதான் அட்டைக்காரிக்குப் பொறுக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.

மறுநாள் நாத்தனார் கடையை மூடிவிட்டு ஆசிரியரிடம் போய்ச் சண்டை போட்டாள். அடுத்த பதிப்பில் அட்டைக்காரியின் பெயரும் வந்தது. நாத்தனார் கேட்டு வாங்கித் தந்த பெயர் என்பதால், அந்தப் பக்கத்தை அவள் யாரிடமும் காட்டவில்லை.