தைலமரக் காட்டுக்கு எந்தக் கண்ணாடி?

சென்ற சனிக்கிழமை காலை, புதுக்கோட்டையில் ஒரு கண்ணாடிக் கடைக்குள் கவிதா டீச்சர் குதித்துக்கொண்டிருந்தார்.

பத்துப் பன்னிரண்டு முறை குதித்தார். பிறகு தலையை இடமும் வலமும் வேகமாக ஆட்டினார். போட்டிருந்த கூலிங் கிளாஸ் மூக்கிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது.

"இது ஆகாது. அடுத்ததக் குடுங்க."

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, கடைக்குள்ள சாமி வந்துருச்சா?"

கடைக்காரர் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அவர் புருவத்துக்கு மேல் போட்ட மூன்று தையலைப் பிரித்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அந்தத் தையலில் எனக்கும் பங்கு உண்டு... அதனால்தான் நானும் அங்கே நின்றேன்.

கவிதா வல்லத்திராக்கோட்டைக்காரர். அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஞாயிறு காலையில் மவுண்டன் பைக் ஓட்டுகிற எங்கள் சின்னக் கூட்டத்தில் முதல் ஆள் அவர். கடைசி ஆள் நான். புதுக்கோட்டையில் மவுண்டன் ஏது என்று கேட்பீர்கள். செம்மண் தடம் இருக்கிறது, பாறை இருக்கிறது, கண்மாய்க்கரை இருக்கிறது. போதாதா? அடுத்த மாதம் நிஜமான மலையிலேயே ஒரு போட்டி. கவிதா பெயர் கொடுத்திருக்கிறார். முப்பத்து மூன்று வயதில், முதல் போட்டி.

அதற்காகத்தான் கூலிங் கிளாஸ். போன மாதமே அதே கடையில் ஒன்று வாங்கினோம். நம் ஊரில் கூலிங் கிளாஸ் வாங்குகிற முறை உங்களுக்குத் தெரியும். மாட்டிக்கொண்டு முகத்தைப் பார்ப்போம். "வெயில்ல போயி பாருங்க சார்" என்பார் கடைக்காரர். படியிறங்கித் தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்போம். கண் கூசவில்லையா? முடிந்தது வியாபாரம். எது ரொம்பக் கருப்போ, அது உசத்தி.

"இதான் டீச்சர். சூரியனே நிலா மாதிரி தெரியுது" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். எனக்கும் அதே மாதிரி ஒன்று எடுத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டு பத்தடி நடப்பதற்குள் தெரிந்தவர் ஒருவர் நிறுத்தினார். "என்ன சார், கண்ணு ஆபரேஷனா?" நம் பக்கம் கருப்புக் கண்ணாடிக்கு வேறு காரணம் இருக்க முடியுமா என்ன!

அடுத்த ஞாயிறு கண்மாய்க்கரை வரை பிரமாதமாகப் போனோம். கிழக்கு வெயில் நேராக முகத்தில். கண் சுருங்கவே இல்லை. கரை இறங்கினால் தைலமரக் காடு. வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைந்த முதல் இரண்டு நொடி கவிதாவுக்கு எல்லாம் இருட்டு. தடத்தின் நடுவில், மரம் வெட்டியபோது விட்டுவைத்த அடிக்கட்டை ஒன்று. முன்சக்கரம் மோதியது. பின்னால் வந்த எனக்கு அவர் விழுந்தது தெரியவில்லை — சத்தம்தான் கேட்டது.

கவிதாவின் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மூன்று வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுத்தான் ஞாயிறு காலையில் கவிதா கிளம்புவார். அம்மா மறுத்தால் ஞாயிறும் இல்லை, போட்டியும் இல்லை. அந்த அம்மா அன்று கவிதாவின் நெற்றியைப் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளைகள ஓட விடுறது பத்தாதா ஒனக்கு? இன்னும் ஒரு தடவை விழுந்து வந்தேன்னு வையி... இந்தச் சைக்கிளு இங்கிட்டு இருக்காது. காயலான் கடைக்குத்தான்!"

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதான் கூட நின்னு கண்ணாடி எடுத்துக் குடுத்தீங்களாம்ல?"

"ஆமாக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

கண்ணாடியே போடாமல் ஓட்டினால் என்ன? முன்னால் போகிற சக்கரம் கிளப்பும் செம்மண் புழுதியை ஒருமுறை கண்ணில் வாங்கிப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஆகவே சனிக்கிழமை மறுபடியும் கடை.

இந்த முறை டீச்சர் தெருவுக்கு இறங்கவே இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். அங்கே கிடந்த அட்டைப்பெட்டியின் எழுத்தைப் படிக்க முடிகிறதா என்று பார்த்தார்.

"எல்லாரும் வெயில்ல பார்ப்பாங்க. நீங்க இருட்டுல பாக்குறீங்களே டீச்சர்!" என்றார் கடைக்காரர்.

"நான் விழுந்தது இருட்டுலதாண்ணே."

வெயிலில் தானே கருத்து, நிழலில் தானே வெளுக்கும் கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்தார் அவர். விலையும் கொஞ்சம் கூடத்தான். டீச்சர் அதைப் படியில் வெயில் காட்டி எடுத்துவந்து மாட்டிக்கொண்டு, வெளுக்கிற வரை எண்ணினார். நாற்பதைத் தாண்டியும் எண்ணிக்கொண்டிருந்தார். "இது வெளுக்குறதுக்குள்ள நான் கட்டையில மோதி, எந்திரிச்சு, வீட்டுக்கே போயிருப்பேன்."

பிறகு மேசை மின்விசிறியை முகத்துக்கு நேராக வைக்கச் சொன்னார். பக்கவாட்டில் காற்றை விட்டுக் கண்ணில் நீர் வரவைத்தவை எல்லாம் தள்ளுபடி. மிஞ்சியவற்றுக்குத்தான் அந்தக் குதியாட்டம்.

கடைசியில் தேறியது ஒன்றே ஒன்று. வெளிர் மஞ்சள் நிறம், எளிதில் உடையாத பிளாஸ்டிக், கன்னம் வரை வளைந்து மூடுகிறது. அழகு? "பட்டறையில கிரைண்டிங் போடுறவுக மாதிரி இருக்கு டீச்சர்" என்றார் கடைக்காரர், மனசு கேட்காமல்.

"கட்டை தெரியுதுல்ல, போதும்."

எனக்கு உறைத்தது. எந்தப் பொருளையும் அது ஜெயிக்கிற இடத்தில் வைத்துத்தானே பார்க்கிறோம்? செருப்பைக் கடை விரிப்பின் மேல் நடந்து பார்த்து வாங்குகிறோம். வீட்டை மழையில்லாத மாதத்தில் போய்ப் பார்க்கிறோம். தோற்கிற இடம் எது என்று விழுந்தவர்தான் கேட்கிறார்.

ஞாயிறு. அதே கரை, அதே காடு. நான் பழைய கருப்புக் கண்ணாடியோடுதான் போனேன். நிழல் வந்ததும் கழற்றிக்கொண்டால் ஆயிற்று என்று ஒரு கணக்கு. காட்டின் வாயில் கழற்றினேன். உடனே ஒரு பூச்சி, நேராக வலது கண்ணுக்குள்!

இறங்கி, இரண்டு கண்ணும் மூடி, கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு நின்றேன். முன்னால் கவிதா அந்தக் கட்டையை நெருங்கிக்கொண்டிருந்தார். காய்ந்த தைல இலைகள் மேல் டயர் நொறுநொறுவென்று போகும் சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த இன்னொரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன்... அது வரவில்லை. இலைச் சத்தம் மட்டும் தூரமாகிக்கொண்டே போனது.

திரும்பி வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றார். மகளின் நெற்றி, முழங்கை, முழங்கால் என்று வரிசையாகப் பார்த்தார். சைக்கிளின் முன்சக்கரத்தையும் பார்த்தார். அப்புறம் சாட்சி விசாரணை.

"நெசமாவே விழுகலையா தம்பி? நீங்க பாத்தீங்களா?"

"பாக்கலக்கா. ஆனா விழுந்த சத்தம் கேக்கல."

அம்மா பேத்தியை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டார்.

"சைக்கிள வெயில்ல போடாத, டயரு வீணாப் போயிரும். உள்ள கொண்டாந்து நிறுத்து."

கவிதா என்னைப் பார்த்துச் சிரித்தார். போட்டிக்கு அனுமதி கிடைத்துவிட்டது! சிவந்து நீர் வடிந்த கண்ணை மறைக்க, நான் என் கருப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒங்களுக்கு என்ன தம்பி... கண்ணு ஆபரேஷனா?"