பூட்டிய அஞ்சலும் அலுவலகத் தொலைபேசியும்

மதுரையில் நாங்கள் சிலர் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளின் சிடிக்களை நகலெடுத்து, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் திரிந்த காலம் அது. 2003 அல்லது 2004. சிடியின் மேல் மார்க்கரில் எழுதிவைத்த தேதி அழிந்துவிட்டது. மழைக்காலம் என்பது மட்டும் உறுதி. பழங்காநத்தத்தில் இருந்த என் அறைக்கு நண்பன் தொப்பலாக நனைந்துதான் வந்தான்.

அவன் அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர். சோழவந்தான் பக்கம் வைகையில் அனுமதிக்கு மேல் மணல் அள்ளுவது பற்றிய விவரங்களை, சென்னையில் பத்திரிகை வேலையில் இருந்த எங்கள் கல்லூரித் தோழனுக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியது நண்பன் என்று வெளியே தெரிந்தால் மாறுதல் போட்டு எங்காவது தூக்கியடித்துவிடுவார்கள். அவன் மனைவிக்கு அப்போது எட்டாவது மாதம்.

"மாப்ள, மெயிலையெல்லாம் போலீசு படிக்குதுங்கிறாய்ங்களே?"

"படிக்கட்டும். ஒண்ணும் வெளங்காது" என்றேன்.

அவ்வளவு நம்பிக்கை எனக்கு. கட்டற்ற மென்பொருளின் உள்ளே எழுதியிருப்பதை யாரும் பிரித்துப் படிக்கலாம், அதனால் அரசாங்கம் அதற்குள் ரகசியமாகக் காது வைக்க முடியாது என்று டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டிருப்பேன். மின்னஞ்சலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் நிரல் தோழனிடமும் இருந்தது. அவன் சாவிக்கு மட்டுமே பூட்டு திறக்கும். நண்பன் என் கணினியில் தமிழில் தட்டச்சு செய்தான். நான் பூட்டினேன். அடுத்த தெரு பிரௌசிங் சென்டரின் புழுக்கமான தடுப்புக்குள் இருவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து அனுப்பினோம். அனுப்பிவிட்டு டீக்கடையில் தின்ற வடை ருசித்ததுபோல் பிறகு எந்த வடையும் ருசிக்கவில்லை.

அந்த வாரமே அவன் அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. எடுத்தவர் அவனுடைய மேலதிகாரி, சூப்பிரண்டு.

அப்போது தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. அதே எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் கிறுக்கலாகத் தெரியும். பூட்டைத் திறந்த தோழனால் உள்ளே இருந்ததைப் படிக்க முடியவில்லை. நண்பன் வீட்டில் போன் கிடையாது. அலுவலக எண்ணுக்கு அழைத்த தோழன், எடுத்தது யாரென்று கேட்காமலே கொட்டிவிட்டான்.

சூப்பிரண்டு ரிசீவரைப் பொத்திக்கொண்டு நண்பனைப் பக்கத்தில் அழைத்தாராம்.

"மணல் மேட்டரு போய்ச் சேந்துருச்சாம்யா. எழுத்துத்தான் தெரியலையாம். என்னமோ ஃபான்ட்டாம்ல, பேரச் சொல்லித் தொல."

"அண்ணே..."

"சீக்கிரம் சொல்லுய்யா. மணல் காண்ட்ராக்டர் ஆளு படியேறி வாரான் பாரு."

செய்தி அச்சில் வந்தது. விவரம் இங்கிருந்து மெயிலில் கசிந்ததா என்று விசாரிக்க மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரியும் வந்தார்.

"இங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் எவன் சார் இருக்கான்? வந்த மெசினுக்கு இன்னும் உறையே பிரிக்கல" என்றாராம் சூப்பிரண்டு. உறை பிரிக்காதது உண்மைதான். அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் நிரல் சொன்னபடி வேலை செய்தது. வழியில் யாரும் படிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டீக்கடையில் என் குரல் கொஞ்சம் இறங்கித்தான் ஒலித்தது.

நண்பனுக்கு மாறுதல் வரவில்லை. அவன் மகள் மதுரையிலேயே பிறந்தாள். நண்பன் மிட்டாய்ப் பெட்டியோடு வந்தபோது, "சூப்பிரண்டுக்குக் குடுத்தியாடா?" என்று கேட்டேன்.

"அவருக்குத்தான் மொதல்ல. ரெண்டா எடுத்துக்கிட்டு, 'வீட்டுக்கு ஒரு போன் வாங்கிப் போடுறா வெண்ண'ன்னாரு."