வெட்டாத வயலும் கரி இஞ்சினும்

சுற்றுலா ஸ்பெஷல் என் ஸ்டேஷனில் வந்து நின்றபோது அதற்கான டேப்லட் என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. டேப்லட் என்பது ஓர் உலோக வில்லை. வளையத்தில் கட்டிய பைக்குள் போட்டு டிரைவரிடம் கொடுப்போம். அது இல்லாமல் அவர் அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்பட முடியாது. எங்கள் பாதையில் இந்தப் பழைய முறையை இன்னும் விடவில்லை. கரியில் ஓடும் பழைய இஞ்சின் ஒன்றையும் பாதுகாத்து வைத்து, வெயில் காலத்தில் வெளிநாட்டாரை ஏற்றி ஓட்டுகிறார்கள்.

வளையத்தோடு வெளியே வந்த என்னை யோகம் அக்கா மறித்தார். ஸ்டேஷனைத் தாண்டியதும் மேடு ஏறும் தண்டவாளத்தை ஒட்டிக் கிடப்பது அவருடைய வயல். கையில் கருகிய நெற்கதிர்கள்.

“தம்பி, போன கிழமை இந்தக் கோச்சி இழுத்துக்கிட்டுப் போகக்குள்ள விழுந்த பொறி. சாக்கால அடிச்சு நெருப்பை நூத்தம். அண்டைக்குக் காத்து இல்ல. இண்டைக்குக் கச்சான் காத்து வீசுற வீச்சைப் பாருங்க.”

“வெட்டுற மெசின் வரல்லையாக்கா?”

“கரடியனாத்தில நிக்கிது. நாளைக்குத்தான் வருமாம்.”

அக்காவின் வயலில் தீப் பிடித்தால் அந்த வட்டை, அதாவது அங்குள்ள வயல்வெளி முழுவதும் போய்விடும். எல்லாம் விளைந்து காய்ந்து நின்றது. நான் வளையத்தைக் கொடுக்காமல் தோளிலேயே வைத்திருந்தேன்.

பயணத்துக்குப் பொறுப்பாகக் கொழும்பிலிருந்து வந்தவர் ஓடி வந்தார். “மாஸ்டர், ஏன் லேட்? கோச்சியை விடுறது நீங்களா, இந்த அக்காவா?”

“நான் விடுறதெண்டா வேற வழியால விட்டிருப்பன்,” என்றார் அக்கா.

டிரைவர் மைக்கல் அண்ணன் இறங்கி வந்தார். மட்டக்களப்பு டவுனில் போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர். ஓய்வு பெற்றவரை இந்த இஞ்சினுக்காகத் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். கதிர்களை வாங்கிப் பார்த்தார்.

“மேட்டில இழுத்தாப் பொறி கக்கும் மாஸ்டர். பின்னால வாவிப் பாலத்தடிக்குத் தள்ள விடுங்க. அங்க ரெண்டு பக்கமும் தண்ணி. அங்கயே இழுத்து வேகம் எடுத்திட்டு ஸ்டேஷனுக்குள்ள ஸ்டீமை மூடிருவன். வயலைச் சும்மா உருண்டு கடக்கலாம்.”

“மேட்டில நிண்டிட்டா?”

“நிண்டா வயலுக்கு நடுவில நிப்பம். அங்க இருந்துதான் இழுக்க வேணும்.”

அக்கா அவரைப் பார்த்தார். “உருளுமா?”

“உருளும் எண்டுதான் நினைக்கிறன்.”

“நினைக்கிறீங்களோ?” கதிர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். “சரி. நினைச்சபடி ஓட்டுங்க. நாங்க சாக்கை நனைச்சிக்கிட்டு நிக்கம்.”

கார்ட் பின்னால் நின்று பச்சைக் கொடி காட்ட, ரயில் பாலத்தடிக்குப் பின்வாங்கியது. நான் நடந்துபோய் மைக்கல் அண்ணனிடம் வளையத்தைக் கொடுத்தேன். தீப் பிடித்தால் அனுமதி கொடுத்தவன் நான்.

நான் ஸ்டேஷனுக்குத் திரும்பிய பிறகு இஞ்சின் இரைந்துகொண்டு வந்தது. பிளாட்பாரத்தில் ஸ்டீமை மூடியதும் சக்கரங்களின் சத்தம் மட்டுந்தான். வயல் வரம்பில் ஈரச் சாக்குகளோடு நின்ற பெண்களைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் கை காட்டினார்கள். ஒருத்தியும் திருப்பிக் காட்டவில்லை. எல்லோருடைய கண்ணும் புகைபோக்கியில்.

மேடு ஏற ஏற வேகம் குறைந்தது. யோகம் அக்கா இஞ்சினுக்குச் சமமாக நடந்தார். பிறகு அவருடைய நடைக்கே இஞ்சின் பின்தங்கியது. நின்றுவிட்டது என்றே நினைத்தேன். நிற்கவில்லை. கடைசிப் பெட்டியும் வயலைக் கடந்து வெகுதூரம் போன பிறகுதான் இஞ்சின் மறுபடி இரைந்தது.

அக்கா திரும்பி வந்து சாக்கைப் பிழிந்தார். “அந்த மனுசன் இனி நினைக்கிறதெண்டா, வெட்டி முடிஞ்ச பொறகு நினைக்கச் சொல்லுங்க தம்பி.”

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அன்றைக்குச் சிக்னல் சரி, டேப்லட் சரி. சட்டப்படி நான் உடனேயே வளையத்தைக் கொடுத்திருக்கலாம். ஆனால் சட்டம் தண்டவாளத்தை மட்டுந்தான் பார்க்கிறது. அதன் இரண்டு பக்கத்தையும் நாம்தான் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஸ்பெஷல் வருகிறது என்றால், வட்டைக்கு ஆள் அனுப்பி வெட்டியாயிற்றா என்று கேட்பேன். பதில் வந்த பிறகே டேப்லட் கேட்டு அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடிப்பேன்.