சீ, சோ, சீன்

எங்கள் வீட்டில் சோற்றுக்கு முன் ஆங்கில வினைச்சொற்கள்தான் பரிமாறப்படும். அப்பா திருகோணமலையில் ஆங்கில ஆசிரியர். ‘கோ, வென்ற், கோன்’ என்று பிழையில்லாமல் ஒப்புவித்த பிறகே குசினியிலிருந்து சட்டி வரும். ‘கண்டேன்’ என்பதற்கு ‘ஐ சோ’ என்று சொல்ல வேண்டும். ‘ஐ சீன்’ என்பவர்களை அப்பா மனிதர்களாகவே மதிக்கமாட்டார்.

எனக்கு இவற்றையெல்லாம் பாடமாக்கித் தந்தவர் சித்தி. அம்மாவின் தங்கை; எங்களோடுதான் இருந்தார். அப்பாவே மெச்சுகிற ஆங்கிலம் அவருடையது.

வெள்ளைக்காரரின் போர்க்கப்பல்கள் இன்னும் துறைமுகத்தில் நின்ற காலம். ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு, துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிற ஒருவர் சித்தியைப் பெண் கேட்டு வந்தார். தாய் தகப்பன் இல்லாதவர், தனியாகவே வந்திருந்தார். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர். மாலுமிகளோடு பழகிப் பழகி ஆங்கிலம் பிடித்தவர். அப்பா கதிரையைக் காட்டினார். அவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக அப்பா, எங்கள் பெண்ணை எப்படித் தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் தயங்கவேயில்லை.

“ஐ சீன் ஹேர் இன் சேர்ச், மாஸ்டர்.”

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. “சோ! ஐ சோ ஹேர்!” என்று கத்தினேன்.

“ஓம் பிள்ளை, நீங்க சொல்லுறதுதான் சரி,” என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “கப்பல்காரர் எனக்கு இப்பிடித்தான் சொல்லித் தந்தவங்கள்.”

அப்பா சிரிக்கவில்லை. “கோவிக்காதையும் தம்பி. அவள் படிச்ச பிள்ளை. உம்மோட அவள் என்னத்தைக் கதைக்கிறது?”

அவர் முகம் வாடி எழுந்துவிட்டார். அப்போதுதான் குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்ற சித்தி முன்னால் வந்தார். கோப்பையை அவரிடம் நீட்டிவிட்டு, அப்பாவை நேரே பார்த்தார்.

“அத்தான், ஐ சீன் ஹிம் டூ.”

“சோ...” என்று திருத்தத் தொடங்கிய அப்பா, சித்தியின் முகத்தைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. அது அப்பாவையும் தொற்றிக்கொண்டது.

“இரும் தம்பி, இரும். தேத்தண்ணி ஆறப்போகுது.”

எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பின்னேரம் கிணற்றடியில் சித்தியைப் பிடித்து, ஒழுங்காகச் சொல்லச் சொன்னேன். “சீ, சீன், சீன்,” என்று ராகம் போட்டுப் பாடியபடி என் தலையில் ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்த்தார். நனைந்துகொண்டே நான் கவலைப்பட்டேன்: படித்ததையெல்லாம் இப்படி மறந்துவிட்ட ஒரு பெண்ணை அந்த மனிதர் இனிக் கட்டுவாரா?