துடைக்காத நெற்றி

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் வேலை பார்த்த அந்த அண்ணனை நினைத்தாலே, அவர் நெற்றியிலிருந்து நான் உரித்தெடுத்த கருவிப் பட்டைதான் முதலில் ஞாபகம் வருகிறது. அதன் அடிப்பக்கம் முழுக்க வியர்வையில் குழைந்த திருநீறு. தப்பு முழுக்க என்னுடையது.

ஜார்ஜ்டவுனில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், ஓடாத சைக்கிளை மிதிக்கிறவர்களின் மூளைக்கு எவ்வளவு ரத்தம் போகிறது, அதில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அளப்போம். ரத்த ஓட்டத்துக்குக் காதோரம் ஒரு கருவி, ஆக்சிஜனுக்கு நெற்றியில் ஒளி பாய்ச்சும் பட்டை. ஒட்டுவதற்கு முன் நெற்றியைத் துடைக்க வேண்டும். யார் நெற்றியையும் யோசிக்காமல் துடைக்கிற எனக்கு, கோயிலிலிருந்து நேராக வந்து நின்ற மனிதரின் திருநீற்றில் கை வைக்க மனம் வரவில்லை. அதன் மேலேயே ஒட்டிவிட்டேன். அன்றைக்கென்று பார்த்து அப்படி ஒரு பக்தி.

அவர் எங்களிடம் வந்ததே ஒரு பயத்தில்தான். மனைவி ஆபரேஷனில் பிழைத்தால் மூன்று தைப்பூசம் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார். மூன்றாவது வருஷம் மலைக்கோயிலின் பாதிப் படியில் தலைசுற்றி உட்கார்ந்தவர் மேலே போகவில்லை. கோளாறு ஒன்றும் இல்லை என்று அவருடைய டாக்டர் சொல்லியும் மனம் ஆறவில்லை. வேண்டுதல் பாக்கி நின்றால் அவர் மனைவி, அந்த அக்காவுக்கு நோய் திரும்பிவிடுமோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

மிதிக்க மிதிக்க, திரையில் ஆக்சிஜன் கோடு இறங்கியது. நிறுத்தச் சொன்னேன்.

“அப்போ இந்த வருஷமும் முடியாதாம்மா?” என்றார். அந்தக் குரலை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

ஆனால் ரத்த ஓட்டக் கோடு ஒழுங்காகத்தான் ஏறியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டையை உரித்தேன். “மன்னிச்சிருங்கண்ணே, திருநீறத் தொடைக்காம ஒட்டிட்டேன். அதான் தப்பா காட்டுது.”

“கேட்டிருந்தா நானே தொடைச்சிருப்பேன்லா,” என்று சிரித்தார். முருகன் கோவிச்சுக்க மாட்டார் என்று எனக்கே ஆறுதல் வேறு. நெற்றியைத் துடைத்துப் பட்டையை மறுபடி ஒட்டினேன். இளைப்பாறிவிட்டு மிதித்தார். இந்த முறை கோடு இறங்கவில்லை. இது ஆராய்ச்சி, மலையேற அனுமதிச் சீட்டு இல்லை, அவர் டாக்டர் சொன்னபடி நிதானமாகப் போகட்டும் என்றார் எங்கள் டாக்டர். அண்ணன் காதில் ‘போகட்டும்’ மட்டும்தான் விழுந்தது.

இப்போதெல்லாம் யார் நெற்றியைத் தொடுவதானாலும் முதலில் கேட்டுவிடுகிறேன்.

அந்தத் தைப்பூசத்துக்கு, மனசு கேட்காமல் நானும் போனேன். முந்தின வருஷம் உட்கார்ந்த படி வந்ததும் அண்ணன் நின்றார். என் கையில் எந்தக் கருவியும் இல்லை, அவர் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. அக்கா திரும்பி, “போதும், எறங்கிடலாம். எனக்கு ஒன்னும் ஆகாது,” என்றார்.

“நீ முன்னால ஏறு. நான் வர்றேன்.”

அக்கா ஏறினார். பால் தளும்பாமல் அண்ணனும் ஏறினார். நான் அங்கேயே நின்று நன்றாக அழுதேன்.